மினி அழகுதான், டிக்கியைத் திறந்து பார்த்தாயா?

மிஸ்டர் பீன் தன் குட்டி மினி காரின் கூரைமேல் ஒரு சோபா நாற்காலியைக் கட்டி, அதில் ஜம்மென்று உட்கார்ந்து, கயிற்றையும் துடைப்பக் கட்டையையும் வைத்துக் காரை ஓட்டிக்கொண்டு போவார். பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. ஆனால் அவர் ஏன் மேலே ஏறினார் என்று யாரும் கேட்பதில்லை. தள்ளுபடிக் கடையில் அள்ளிவந்த சாமான் காரை அடைத்துவிட்டது, ஓட்டுகிறவருக்கே உள்ளே இடமில்லை. மினி வாங்க நினைப்பவர் ஷோரூமுக்குப் போகும்முன் அந்தக் காட்சியை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போகலாம்.

என் அக்கா மகள் போனில் காட்டியது அந்தக் காரின் இன்றைய வாரிசை. மினி கூப்பர் எஸ், ஆறேழு வயது ஆனது, சிவப்பு உடம்பு, வெள்ளைக் கூரை, பக்கத்துக்கு ஒரே கதவு. "மாமா, ஒரு புது எஸ்.யு.வி. விலைதான் சொல்றாங்க. எனக்கு எஸ்.யு.வி. வேணாம், இதுதான் வேணும். வாங்கலாமா, கூடாதா?" என்றாள். டீ ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை. இன்னொரு டீ போடச் சொன்னேன்.

பிடித்திருக்கிறது என்பதே கார் வாங்க ஒரு காரணம்தான். அதை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. தினம் காலையில் பார்க்கிங்கில் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை எவ்வளவு, அது எந்தெந்த வழியாக வந்து சேரும் என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இந்தக் காருக்கு இந்த உருவம் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1956-இல் எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியது. சண்டை மூண்டது, கால்வாய் அடைபட்டது, பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. கொஞ்சம் பெட்ரோலில் நிறைய தூரம் ஓடுகிற, குமிழி வடிவக் குட்டி வண்டிகள் ஜெர்மனியிலிருந்து வந்து பிரிட்டன் சாலைகளில் பெருகின. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லியோனார்ட் லார்டுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. ஒழுங்கான ஒரு சின்னக் காரைச் செய்து அவற்றைச் சாலையை விட்டே விரட்ட வேண்டும் என்று அலெக் இசிகோனிஸிடம் பொறுப்பைக் கொடுத்தார். இசிகோனிஸ் அன்றைய ஸ்மிர்னாவில், இன்று துருக்கியின் இஸ்மிர் என்கிற ஊரில் பிறந்தவர். போரில் ஊரை இழந்து, குடும்பத்தோடு வெளியேறி, இங்கிலாந்தில் எஞ்சினியர் ஆனவர். அவருக்கு இருந்த முக்கியமான நிபந்தனை, கம்பெனியிடம் ஏற்கெனவே இருக்கிற எஞ்சினையே பயன்படுத்த வேண்டும் என்பது.

அவர் அந்த எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர் பாக்ஸை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைக்காமல் அதன் அடியில், ஆயில் நிற்கிற தொட்டிக்குள்ளேயே வைத்தார். இரண்டுக்கும் ஒரே ஆயில். இழுவையை முன்சக்கரத்துக்கே கொடுத்ததால், காரின் நடுவயிற்றில் பின்சக்கரம் வரை ஓடும் தண்டு தேவைப்படவில்லை. சக்கரம் வெறும் 10 அங்குலம். கம்பிச் சுருள் இடத்தை அடைக்கும் என்று, அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகளை சஸ்பென்ஷனுக்கு வைத்தார். சக்கரங்களை நான்கு மூலைக்கும் தள்ளினார். 1959 ஆகஸ்ட் 26-ஆம் தேதி வெளிவந்த அந்தக் காரின் நீளம் 3.05 மீட்டர். அதன் தரைப்பரப்பில் சுமார் 80 சதவீதம் ஆட்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சியது. இன்று நாம் ஓட்டும் சின்னக் கார்கள் பெரும்பாலும் குறுக்கு எஞ்சினும் முன்சக்கர இழுவையும் கொண்டவை. அந்த ஏற்பாட்டை உலகம் முழுக்கப் பழக்கிய கார் இது.

சின்னச் சின்ன விஷயங்களிலும் மனிதர் விடவில்லை. கதவுக் கண்ணாடி கீழே இறங்காமல் பக்கவாட்டில் நகரும். அதனால் கதவுக்குள் கண்ணாடி இறங்க இடம் வேண்டாம், அந்தப் பள்ளம் முழுவதும் சாமான் வைக்கும் பையாகிவிட்டது. டிக்கி மூடி கீழ்நோக்கித் திறக்கும். பெட்டி பெரிதாக இருந்தால் மூடியைத் திறந்த வாக்கிலேயே பலகையாக வைத்து, அதன்மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு போகலாம். அப்படிப் போகும்போதும் பின்னால் வருபவருக்கு நம்பர் தெரிய வேண்டுமே? நம்பர் பிளேட்டையும் கீலில் தொங்கவிட்டிருந்தார், மூடி திறந்தாலும் அது நேராகத் தொங்கும். ஸ்பீடோமீட்டர் டாஷ்போர்டின் நடுவில் இருந்தது. ஸ்டியரிங் வலப்பக்கம் வேண்டும் நாடானாலும் இடப்பக்கம் வேண்டும் நாடானாலும் ஒரே டாஷ்போர்டு போதும்.

குறைகளும் இருந்தன. ஆரம்ப மினிகளில் மழை பெய்தால் தரை வழியாக உள்ளே தண்ணீர் ஊறும். எஞ்சினைத் திருப்பி வைத்ததில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்கிரில்லுக்குப் பின்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டது, நனைந்தால் வண்டி நின்றுவிடும். விற்பனையும் தொடக்கத்தில் மந்தம். பிறகுதான் இளவரசி மார்கரெட் ஓட்டினார், பீட்டில்ஸ் நால்வரும் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள், நடிகர் பீட்டர் செல்லர்ஸ் பக்கவாட்டில் பிரம்புப் பின்னல் போட்டு ஓட்டினார். ரேஸ் கார் கட்டும் ஜான் கூப்பர் கைவைத்த மினி கூப்பர், 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியில் பெரிய கார்களைப் பின்னுக்குத் தள்ளி வென்றது. 1966-இலும் முதலில் வந்தது, ஹெட்லைட் விதியைக் காட்டித் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். சிக்கனத்துக்காகச் செய்த கார் பணக்காரர் கையில் ஃபேஷன் ஆனது. 2000 அக்டோபரில் உற்பத்தி நிற்கும்வரை 53 லட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் காரை அழகாக இருக்கட்டும் என்று யாரும் வரையவில்லை. சக்கரம் மூலைக்குப் போனது கால் நீட்ட இடம் வேண்டும் என்பதற்காக. மூக்கு குட்டையானது எஞ்சின் குறுக்கே படுத்ததால். கூரை தட்டையாக நின்றது பின்சீட்டில் இருப்பவர் தலை இடிக்கக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வேலை இருந்தது.

உன் போனில் இருக்கும் கார் வேறு பரம்பரை. 1994-இல் ரோவர் கம்பெனியை வாங்கிய பி.எம்.டபிள்யூ., 2000-இல் அதைக் கைகழுவியபோது மினி என்ற பெயரைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. 2001-இல் ஃபிராங்க் ஸ்டீபன்சன் வடிவமைப்பில் புது மினி வந்தது. நீளம் 3.63 மீட்டர், டிக்கி 160 லிட்டர். அதன்பின் தலைமுறைக்குத் தலைமுறை வளர்ந்து இப்போது 3.88 மீட்டரில் நிற்கிறது. ஏர்பேக், மோதல் பாதுகாப்பு, ஏ.சி. எல்லாம் இடம் கேட்பவை, அதனால் பழைய 80 சதவீதத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனாலும் வளர்ந்த இடம் யாருக்குப் போனது என்று பார். பழைய காரில் டாஷ்போர்டின் நடுவில் இருந்த மீட்டர், இப்போது 24 சென்டிமீட்டர் அகல வட்டத் திரையாக அதே நடுவில் ஜொலிக்கிறது. அன்று அது செலவு குறைக்க வந்தது. இன்று அதற்காகவே செலவழித்துச் செய்கிறார்கள்.

"உங்க அப்பா வேகன் ஆர் எவ்வளவு நீளம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அது பிரெட் டப்பா மாதிரி இருக்கும், மாமா. அதைப் போய் இதோட..."

அந்த டப்பாவின் நீளம் 3.655 மீட்டர், டிக்கி 341 லிட்டர். நான்கு கதவு, ஐந்து பேர், தலைப்பாகை கட்டிக்கொண்டு உட்காரும் உயரம். இப்போது ஷோரூமில் இருக்கும் மினி கூப்பர் எஸ் அதைவிட 22 சென்டிமீட்டர் நீளம் அதிகம், டிக்கி 210 லிட்டர், நான்கே பேர். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்க வேண்டும். அழகில் வேகன் ஆர் போட்டிக்கு வராது என்றால், ஸ்விஃப்டை எடுத்துக்கொள்வோம். 2024-இல் வந்த ஸ்விஃப்ட் 3,860 மில்லிமீட்டர், மினி 3,876. ஏறக்குறைய ஒரே அளவு. ஸ்விஃப்டின் டிக்கி 265 லிட்டர், உயரமும் கொஞ்சம் கூட. சின்னக் கார் என்று மினியை நாம் நினைப்பது கண்ணை நம்பி. டேப்பை நீட்டி அளந்தால் அது நம் ஊர் சின்னக் கார்களின் வரிசையில் நீளமான பக்கத்தில் நிற்கும். இசிகோனிஸின் மூளை இன்று எந்தக் காரில் அதிகம் இருக்கிறது என்று என்னைக் கேட்டால், உங்கப்பாவின் டப்பாவைத்தான் காட்டுவேன். இதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்தது டயர். மினியின் தோற்றத்தில் பாதி அதன் சக்கரத்தில் இருக்கிறது. பெரிய அலாய், அதைச் சுற்றி மெல்லிய ரப்பர். டயரின் பக்கவாட்டில் 205/45 ஆர்17 என்று எழுதியிருந்தால், 205 என்பது மில்லிமீட்டரில் அகலம், 45 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது, 17 என்பது ரிம்மின் அங்குலம். கணக்குப் போட்டால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நிற்கும் ரப்பர் 92 மில்லிமீட்டர். ஸ்விஃப்டில் 185/65 ஆர்15 போட்டால் அது 120 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒன்றரை விரல் அகலம் இருக்கும். மேடவாக்கத்தில் மெட்ரோ வேலைக்குத் தோண்டி, மூடியும் மூடாமலும் விட்ட பள்ளத்தில் இரவில் சக்கரம் இறங்கும்போது, ரிம் வளைகிறதா தப்பிக்கிறதா என்பதை அந்த ஒன்றரை விரல்தான் முடிவு செய்யும்.

இதோடு இன்னொன்று. இந்தக் கார்களில் பெரும்பாலும் ரன்-ஃபிளாட் டயர் வரும், ஸ்டெப்னி வராது. ரன்-ஃபிளாட் என்றால், காற்று இறங்கினாலும் தடித்த பக்கச் சுவரே காரைத் தாங்கும். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டலாம். நடு இரவில் ஜாக்கியோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது நல்லதுதான், முக்கியமாகத் தனியாக ஓட்டும் பெண்ணுக்கு. ஆனால் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் பக்கச் சுவர் கிழிந்தால், பஞ்சர் கடைக்காரர் கையில் இருக்கும் லீவர் கம்பியால் அந்த டயரைக் கழற்றுவதே கஷ்டம். அந்த அளவு டயர் அவரிடம் இருக்காது. அந்தத் தடித்த சுவர் மேட்டையும் பள்ளத்தையும் உள்வாங்காமல் அப்படியே உன் இடுப்புக்கு அனுப்பும் என்பதையும் சேர்த்துக்கொள்.

வேகத்தடை இன்னொரு கதை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் முறையான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அவ்வளவு அகலமாக இருந்தால் கார் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், அடியில் எதுவும் படாது. நம் தெருவில் இருப்பது அரை மீட்டர் அகலத்தில் குவித்து வைத்த தார். முன்சக்கரம் தாண்டியபின் அந்தக் குவியல் காரின் வயிற்றுக்கு நேராக வரும். சக்கரங்கள் மூலைக்குத் தள்ளப்பட்டு, உடம்பு தாழ்ந்த காரில் நடுவயிறு நீளம், அதனால் அடி தட்டும். அனுபவப்பட்டவர்கள் சாய்வாக ஏற்றுவார்கள், ஒவ்வொரு சக்கரமாக. பின்னால் ஹாரன் அடிக்கிற ஆட்டோக்காரருக்கு இந்த நுணுக்கம் புரியாது.

பார்க்கிங்கில் சின்னக் கார் சுகம் என்று எல்லோரும் சொல்வார்கள். தெருவோரத்தில் இரண்டு வண்டிக்கு நடுவில் நுழைக்கிற ஊரில் அது உண்மை, லண்டனிலும் ரோமிலும் நீளம்தான் பிரச்சினை. நம் அடுக்குமாடியில் தூணுக்கும் தூணுக்கும் நடுவில் கோடு போட்ட இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். நீளத்தில் பெரும்பாலான கார்கள் மிச்சம் வைக்கும், நெருக்கடி எல்லாம் அகலத்தில்தான். மினியின் அகலம் கண்ணாடி சேர்க்காமல் 1.74 மீட்டர். நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 38 சென்டிமீட்டர் கிடைக்கும். இரண்டு கதவுக் காரில் ஒவ்வொரு கதவும் நீளமானது, பாதி திறப்பதற்குள் தூணிலோ பக்கத்து வீட்டு இன்னோவாவிலோ முட்டும். ஒல்லியானவர்கள் பக்கவாட்டில் நழுவி வெளியே வந்துவிடலாம். பாட்டியைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால், காரை முதலில் வெளியே எடுத்து, முன்சீட்டை மடக்கி... பாட்டி ஆட்டோ கூப்பிட்டுவிடுவார்.

பணத்துக்கு வருவோம். மினி 4 மீட்டருக்குள் இருக்கிறதே, சின்னக் காருக்கான வரிச்சலுகை கிடைக்காதா என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. நம் ஊர் சட்டத்தில் பெட்ரோல் சின்னக் கார் என்றால் இரண்டு நிபந்தனை: நீளம் 4 மீட்டருக்குள், எஞ்சின் 1,200 சி.சி.க்குள். 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40. கூப்பர் எஸ்ஸின் எஞ்சின் 1,998 சி.சி., ஆகவே 40 கட்டும் கூட்டத்தில் அது நிற்கிறது. கட்டி முடித்த காராக வெளிநாட்டிலிருந்து இறங்குவதால் இறக்குமதி வரி தனி. மினி குடும்பத்துப் பெரிய காரான கன்ட்ரிமேனை மட்டும் 2013-இல் இருந்து சில காலம் சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்து பி.எம்.டபிள்யூ. ஆலையில் பூட்டினார்கள். நீ கேட்கிற குட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

2024 ஜூலையில் புது கூப்பர் எஸ் வந்தபோது ஷோரூம் விலை 44.90 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். சாலை வரி மட்டும் சுமார் 9 லட்சம். அதே ஆண்டு ஸ்விஃப்டின் அடிப்படை மாடல் 6.49 லட்சத்தில் தொடங்கியது. வரிக்குக் கொடுக்கும் காசில் ஒரு ஸ்விஃப்ட் வாங்கி மிச்சமும் பார்க்கலாம். 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டனுடனான வர்த்தக ஒப்பந்தத்தில் அங்கிருந்து வரும் கார்களுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை இறக்குமதி வரியைப் படிப்படியாக 10 சதவீதத்துக்கு இறக்குவதாக இருக்கிறது. ஜி.எஸ்.டி.யும் ஆயுள் வரியும் அதில் தொடப்படவில்லை. அதை நம்பிக் காத்திருக்க நான் சொல்லமாட்டேன்.

"அதனாலதான் செகண்ட் ஹேண்ட் பார்க்கறேன். பாதி விலை மாமா!"

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். முதல் ஆள் இழந்த பணம் உனக்கு லாபமாகத் தெரிகிறது. வாங்கும் விலை பாதியாகிவிட்டது, சரி. வைத்திருக்கும் விலை பாதியாகவில்லை. அந்தக் காரின் ஹெட்லைட், பம்பர், கியர் பாக்ஸ் ஆயில், பிரேக் டிஸ்க் எல்லாம் இன்னமும் 40 லட்ச ரூபாய்க் காரின் பாகங்களே, கார் வயதானதற்காக எவரும் விலை குறைத்துத் தரமாட்டார்கள். மறுபக்கம், இன்சூரன்ஸில் காரின் மதிப்பு வயதுக்கேற்ப இறங்கிக்கொண்டே வரும். சாதாரண முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான் கிடைக்கும். பம்பர் பிளாஸ்டிக்தான் என்பதை நினைவில் வை. மீதிப் பாதியையும் வாங்கித்தரும் ஜீரோ டெப் சேர்க்கையைப் பல கம்பெனிகள் ஐந்து வயதுக்கு மேல் தருவதில்லை. காரின் வேறு பாகம் அடிபடாமல் டயர் மட்டும் வெடித்தால் சாதாரண பாலிசியில் ஒன்றும் வராது. ஆகவே, பள்ளத்துக்குப் பறிகொடுக்கும் டயர் எல்லாம் உன் கைக்காசு. மழைத் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் அதுவும் அப்படியே, தனியாக எஞ்சின் காப்புச் சேர்க்கை எடுத்திருந்தால் தப்பலாம்.

பெட்ரோலையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்கு முன் செய்த கார்களில் பல 10 சதவீதத்துக்குச் செய்யப்பட்டவை. இந்தக் காரின் மூடியில் என்ன ஒட்டியிருக்கிறது, கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஓட்டிப்பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது என்பதை மறைத்தால் நியாயமாகாது. நண்பர் ஒருவரின் பழைய கூப்பர் எஸ்ஸை ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஈ.சி.ஆரில் ஓட்டினேன். 192 குதிரைத்திறன், அவ்வளவு குட்டி உடம்பில். ஸ்டியரிங்கைத் திருப்ப நினைத்த மாத்திரத்தில் மூக்கு திரும்பியது. சக்கரங்கள் மூலையில் இருப்பதன் அருமை வளைவில்தான் தெரியும், கார் சாய்வதே இல்லை. தலைக்கு மேல் விமானத்தில் இருப்பதுபோல் ஒரு வரிசை ஸ்விட்ச், தட்டினால் டிக் என்று விழும். கோவளம் தாண்டி டீக்கடையில் நிறுத்தினபோது, பக்கத்தில் நின்றிருந்த மூன்று மடங்கு பெரிய காரை விட்டுவிட்டு இதைச் சுற்றி வந்தார்கள். பயனை மட்டும் பார்த்துச் செய்த கார் இந்தச் சந்தோஷத்தைக் கொடுக்காது. ஒருவேளை கொடுக்கலாம், 1959-இல் கொடுத்தது. இன்று கொடுக்க யாரும் முயல்வதில்லை.

முயன்றவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். டாடா நானோ 2009-இல் விற்பனைக்கு வந்தபோது நீளம் 3.1 மீட்டர், 12 அங்குலச் சக்கரம், எஞ்சின் பின்னால், உள்ளே நான்கு பெரியவர்கள் தாராளமாக உட்காரலாம். இட சாமர்த்தியத்தில் இசிகோனிஸ் கைகொடுத்திருப்பார். உலகத்திலேயே மலிவான கார் என்ற பட்டம் அதன் கழுத்தில் விழுந்தது, அந்தப் பட்டத்தைத் தெருவில் ஓட்டிக்காட்ட நம்மில் யாருக்கும் மனமில்லை. 2018-இல் தயாரிப்பு நின்றது. மினியைப் போல ஓர் இளவரசி ஓட்டியிருந்தால் கதை மாறியிருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஒரு சபலம் உண்டு.

இப்போது எம்.ஜி. காமெட் இருக்கிறது, 2023-இல் வந்த பேட்டரிக் கார். நீளம் 2,974 மில்லிமீட்டர், முதல் மினியை விடவே குறைவு. 12 அங்குலச் சக்கரம் மூலையில், இரண்டு கதவு, நான்கு சீட், 17.3 கிலோவாட் மணி பேட்டரி. பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் டிக்கி என்று ஒன்று கிடையாது. நெடுஞ்சாலைக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வேளச்சேரியிலிருந்து தரமணி ஆபீசுக்கு, மழையும் வெயிலும் படாமல் போய்வர வேண்டுமென்றால் இதைவிடப் புத்திசாலித்தனமான கார் இப்போது இல்லை. அழகா என்றால், பார்க்கப் பார்க்கப் பிடிக்கும் ரகம். அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை.

"அப்ப மினி வேணாம்கறீங்களா?"

வீட்டில் இருக்கப்போகிற ஒரே கார் அதுதான் என்றால், வேண்டாம். உங்கள் வீட்டில் அந்த டப்பா இருக்கிறது, தீபாவளிக்கு மதுரைக்கும், பாட்டியின் கண் ஆஸ்பத்திரிக்கும் அது போகும். நீ தனியாகவோ கூட ஒருவரோடோ ஓட்ட, மாதச் சம்பளத்தில் கடன் தவணை போக, வருஷத்துக்கு இரண்டு டயரும் ஒரு பெரிய சர்வீஸும் வந்தால் முகம் சுளிக்காமல் கட்ட முடியுமென்றால், வாங்கு. வாங்கினபின் அதற்கு நியாயம் கற்பிக்க வேண்டாம். மைலேஜ் பரவாயில்லை, ரீசேல் வரும், பாதுகாப்பு ஜாஸ்தி என்றெல்லாம் அப்பாவிடம் வாதாடாதே. பிடித்தது, வாங்கினேன் என்று சொல். அவர் அதைப் புரிந்துகொள்வார், அவரும் ஒரு காலத்தில் புல்லட் வைத்திருந்தவர்.

வாங்கப் போகும்போது 17 அங்குலச் சக்கரம் இருந்தால், அதே காருக்கு 195/55 ஆர்16 பொருந்துமா என்று கேள். தோற்றத்தில் கொஞ்சம் குறையும், இடுப்புக்கு நல்லது. டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ட்ரெட் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஆறு வயது தாண்டிய ரன்-ஃபிளாட் நான்கின் விலையையும் பேரத்தில் கழித்துவிட வேண்டும். வண்டி டெல்லியிலோ பெங்களூரிலோ பதிவானதா என்று ஆர்.சி.யைப் பார். வெளிமாநில வண்டியென்றால் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வயதுக்கேற்ற ஆயுள் வரியை மறுபடி கட்டியாக வேண்டும், தரகர் சொல்லும் விலையில் அது இருக்காது. லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார், வேகத்தடைத் தழும்பு இல்லாத மினி நம் ஊரில் கிடைக்காது, ஆயில் கசிவு இருக்கிறதா என்பதே கேள்வி.

சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கே நின்றிருந்தது என்று கேட்க வேண்டும். யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். முன்சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்துப் பார். சீட்டைத் துவைப்பார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள், வாசனைத் தண்ணீர் அடிப்பார்கள். சுருளுக்குள் மடங்கிக் கிடக்கும் அந்தக் கடைசி அரை அடி நாடாவைத் துடைக்க மட்டும் மறந்துவிடுவார்கள். அதில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தால், கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா.